அழற்சியும் இருமுனை மனச்சோர்வும்: சோர்வு விலகாதபோது எந்த வழியைத் தேர்வது?

மனம் அளவுமீறிப் பொங்குவதும் ஆழ்ந்து சோர்வதும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுடன் வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் அண்மைக் காலமாக ஒரே மாதிரியான கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் சோர்வு மாதக்கணக்கில் விலகவில்லை. இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு கூடுதலாக வந்திருக்கிறது. உடலில் உள்ள அழற்சிதான் சோர்வுக்குக் காரணம் என்று படித்திருக்கிறார்கள். அப்படியானால் அழற்சியைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளலாமா, மீன் எண்ணெய் போதுமா, இல்லை மனநல மருந்தையே மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டுமா என்பதே அவர்களுடைய தடுமாற்றம்.

இந்தத் தடுமாற்றம் எனக்கு அந்நியமானதல்ல. என் தம்பி லித்தியம் என்ற மனநிலை சமனி மருந்தைச் சாப்பிடத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனுக்காக இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். இந்த நோயில் மனம் பொங்கி எழும் மேனியா நிலைதான் ஊர் கண்ணுக்குத் தெரியும். நாட்களைத் தின்பதோ சோர்வு. முழுமையான மேனியா வரும் முதல் வகை இருமுனைக் கோளாறு உள்ளவர்களை ஏறத்தாழ 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாரங்களில் 32 சதவீதம் மனச்சோர்வு அறிகுறிகளுடனும் 9 சதவீதம் மட்டுமே மேனியா அறிகுறிகளுடனும் கழிந்திருந்தன. ஆகவே புதிய வழி ஒன்று தென்படும்போது அதைப் பற்றிக்கொள்ளத் துடிப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தத் துடிப்பில் எங்கே கால் வழுக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

## தொடர்பு எந்த அளவுக்கு உறுதியானது?

தொடர்பு உண்மைதான். இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் இரத்தத்தில் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்-ஆல்பா போன்ற அழற்சிப் புரதங்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. டென்மார்க்கின் மக்கள் பதிவேடுகளைக் கொண்டு 2013இல் வெளியான பெரிய ஆய்வு, தன்னுடல் தாக்கு நோய் காரணமாக மருத்துவமனைக்குச் சென்றவர்களுக்குப் பிற்காலத்தில் மனநிலைக் கோளாறு வரும் வாய்ப்பு 45 சதவீதமும், கடுமையான தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு 62 சதவீதமும் கூடுவதாகக் கண்டது.

அழற்சி மனத்தைச் சாய்க்க வல்லது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இன்டர்ஃபெரான்-ஆல்பா ஊசி. ஹெபடைடிஸ் சி நோய்க்காக அதைப் பெற்றவர்களில் கணிசமானோர், முன்பு மனநோயே இல்லாதவர்கள் உட்பட, சில வாரங்களில் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். சிலருக்கு மேனியாவும் வந்தது. இது நிகழும் விதமும் ஓரளவு தெளிவாகியுள்ளது. அழற்சிப் புரதங்கள் ஐ.டி.ஓ. என்ற நொதியைத் தூண்டுகின்றன. அதனால் செரோடோனின் செய்யப் பயன்பட வேண்டிய டிரிப்டோஃபான் கைன்யூரெனின் என்ற பொருளாகத் திசைமாறுகிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவில் அது குவினோலினிக் அமிலமாகி நரம்பு செல்களை அளவுக்கு மீறித் தூண்டுகிறது.

ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. முதலாவது, சி.ஆர்.பி. சோர்வுக்கே உரிய அடையாளம் அல்ல. மேனியா நிலையில் அது இன்னும் கூடுதலாகவே காணப்படுகிறது, நலமாக இருக்கும் காலத்திலும் ஓரளவு உயர்ந்தே இருக்கிறது. இரண்டாவது, சராசரி என்பது ஒவ்வொருவரையும் குறிக்காது. சோர்வுற்ற பலருக்கு இந்த அளவு இயல்பாகவே இருக்கும். அழற்சியை அடக்கினால் மனநிலை சீராகிவிடும் என்ற எளிய கணக்கை ஸ்டீராய்டு மருந்துகளே உடைத்துவிடுகின்றன. பிரெட்னிசோன் போன்று அழற்சியை அவ்வளவு வலுவாக அடக்கும் மருந்து வேறு அதிகம் இல்லை. ஆனால் பாஸ்டனில் நடந்த மருந்துக் கண்காணிப்பு ஆய்வு 1972இல் காட்டியபடி, நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 80 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் மனநலக் குலைவு ஏற்பட்டது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு வேறு நோய்க்காக ஸ்டீராய்டு எழுதப்பட்டால், முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே மனநல மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

வழிகளை எடைபோடும் முன் அளவுகோல்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கடைசியாகப் படித்த கட்டுரையே முடிவெடுக்கும். நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

1. இருமுனை மனச்சோர்விலேயே சோதித்துப் பார்த்த ஆதாரம் உண்டா? சாதாரண மனச்சோர்வில் பலித்தது இங்கும் பலிக்கும் என்று கொள்ள முடியாது. மனநிலை சமனி மருந்துடன் சோர்வு எதிர்ப்பு மருந்தைச் சேர்ப்பது, வெற்று மாத்திரை சேர்ப்பதைவிட மேலான பலன் தரவில்லை என்று 2007இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. நீடித்த மீட்சி பெற்றவர்கள் முறையே 23.5 சதவீதமும் 27.3 சதவீதமும்.
2. மேனியாவைத் தூண்டும் ஆபத்து எவ்வளவு?
3. ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளோடு, குறிப்பாக லித்தியத்தோடு, மோதுமா?
4. மறைந்திருக்கும் செலவு என்ன? பக்கவிளைவு, கூடுதல் பரிசோதனை, காத்திருந்தே வீணாகும் மாதங்கள் எல்லாம் இதில் சேரும்.
5. பலிக்கிறதா என்று எத்தனை நாளில் தெரியும்?

மூன்றாவது கேள்வியை நான் ஏன் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன் என்பது இரண்டாம் வழியில் விளங்கும்.

## முதல் வழி: அடிப்படைச் சிகிச்சையைச் சீர்செய்தல்

அழற்சியைப் பற்றிப் பேச வந்தவர் ஏன் பழைய மருந்துகளிலிருந்து தொடங்குகிறார் என்று சலிப்புத் தோன்றலாம். இருந்தாலும் முதல் அளவுகோலில் இதற்கு நிகராக வேறெதுவும் இல்லை. குவெட்டியாபின் 300 மில்லிகிராம் அளவில் இருமுனை மனச்சோர்வில் பலன் தருவதை இரண்டு பெரிய எட்டு வார ஆய்வுகள் உறுதிசெய்தன. 600 மில்லிகிராம் அதைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. லுராசிடோன், காரிபிரசின், லுமடெபெரோன், ஒலான்சபின்–ஃபுளுவாக்ஸெடின் கூட்டு ஆகியவையும் இதற்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்றவை. லாமோட்ரிஜின் மறுபடி சோர்வில் விழாமல் காப்பதில் பெயர்பெற்றது. லித்தியம் தற்கொலை ஆபத்தைக் குறைப்பது நீண்டகாலமாக அறியப்பட்டது.

நடைமுறையில், மருந்து பலிக்கவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் மருந்து உடலைச் சரிவர எட்டவே இல்லை என்பதும் உண்டு. லுராசிடோனை 350 கலோரிக்குக் குறையாத உணவோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் உடலுக்குள் சேரும் மருந்து ஏறத்தாழப் பாதியாகிவிடும். பசியே இல்லாமல் படுத்துக்கிடப்பவர் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு மறுபடி போர்த்திக்கொள்வது இயல்பு. அதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கார்பமசெபின் என்ற வலிப்பு, மனநிலை மருந்து சேர்ந்தால் குவெட்டியாபினின் இரத்த அளவு வெகுவாகச் சரியும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கும். அதே கருத்தடை மாத்திரை சி.ஆர்.பி. அளவையும் உயர்த்தும் என்பதை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும். லாமோட்ரிஜின் எடுக்கும் ஒரு பெண் கருத்தடை மாத்திரையைத் தொடங்குகிறார், சில வாரங்களில் சோர்வு திரும்புகிறது, பரிசோதித்தால் சி.ஆர்.பி. உயர்ந்திருக்கிறது. தாளைப் பார்ப்பவர் அழற்சியால் சோர்வு வந்தது என்று சொல்லிவிடுவார். நடந்ததோ வேறு: மருந்தளவு பாதியானதால் சோர்வு வந்தது, எண் அதன் பக்கத்தில் தனியாக உயர்ந்தது.

இந்த வழியின் மறைசெலவு எடை. குவெட்டியாபினும் ஒலான்சபினும் எடையைக் கூட்டுகின்றன; வயிற்றுக் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கல்ல, இன்டர்லூகின்-6ஐச் சுரக்கும் திசு. சோர்வுக்குத் தரும் மருந்தே ஆண்டுகள் செல்லச் செல்ல அழற்சியை ஊட்டலாம் என்பதால், இருப்பவற்றுள் எடையை அதிகம் தொடாத லுராசிடோன், லாமோட்ரிஜின் போன்றவற்றுக்கு மாற முடியுமா என்று கேட்பதும் ஒருவகையில் அழற்சியைக் கருதிய கேள்விதான். லாமோட்ரிஜினில் பொறுமை வேண்டும்; கடுமையான தோல் தடிப்பைத் தவிர்க்க 25 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரங்களில்தான் 200ஐ எட்டுவார்கள், வால்புரோயேட் என்ற மனநிலை சமனி உடன் இருந்தால் இன்னும் மெதுவாக. மற்றவற்றில் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் விடை தெரிந்துவிடும்.

## இரண்டாம் வழி: அழற்சி எதிர்ப்பு மருந்துகள்

பலரை ஈர்ப்பது இதுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாத்திரை, புரிந்துகொள்ள எளிதான காரணம். ஆதாரத்தைப் பார்த்தால் தொடக்கத்தில் ஒளி இருந்தது. செலிகாக்சிப் என்ற வலிமாத்திரை நாளுக்கு 400 மில்லிகிராம் சேர்க்கப்பட்ட 28 பேர் கொண்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில் முதல் வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆறாவது வாரத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எஸ்சிடலோபிராம் என்ற சோர்வு எதிர்ப்பு மருந்துடன் செலிகாக்சிப்பைச் சேர்த்த பின்னாளைய சிறிய ஆய்வு ஒன்று நல்ல பலன் கண்டது. ஆனால் பாகிஸ்தானில் பல மையங்களில் 266 பேரிடம் பன்னிரண்டு வாரங்கள் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், செலிகாக்சிப்போ மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ இரண்டும் சேர்ந்தோ வெற்று மாத்திரையைவிட மேலாக இருக்கவில்லை. அளவிலும் கட்டமைப்பிலும் அந்த ஆய்வே வலுவானது என்பதால், சிறிய ஆய்வின் நம்பிக்கையைவிட அதன் முடிவுக்கே நான் எடை கொடுக்கிறேன்.

டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் மொத்தத்தில் பலன் இல்லை, சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலனுக்கான அறிகுறி தெரிந்தது. குறைவாக இருந்தவர்களிடம் வெற்று ஊசியே மேலாக இருந்தது. அதாவது அழற்சி இல்லாதவருக்கு அழற்சி எதிர்ப்பு மருந்து சும்மா இருப்பதைவிட மோசமாகக்கூட முடியலாம். அந்த ஆய்வில் பெரும்பாலோர் இருமுனைக் கோளாறு இல்லாதவர்கள். இருமுனை மனச்சோர்வில் மட்டும் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, உடலில் அழற்சி அறிகுறிகள் உள்ளவர்களையே தேர்ந்தெடுத்தும், பன்னிரண்டாம் வார முடிவில் பலன் காட்டவில்லை. சிறுவயதில் உடல்ரீதியான வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. அது இன்னும் தனியாக உறுதிசெய்யப்பட வேண்டிய குறிப்பு. உறங்கும் காசநோயை எழுப்பக்கூடிய இந்த ஊசி, மூட்டுவாதம் போன்ற நோய்க்காகத் தேவைப்படுபவருக்கு உரியது. சோர்வுக்காக மட்டும் கேட்டுப் பெற வேண்டியதல்ல.

இனி மறைசெலவு. செலிகாக்சிப், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் ஆகியவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கின்றன. செலிகாக்சிப் லித்தியத்தின் இரத்த அளவைச் சராசரியாக 17 சதவீதம் கூட்டியது நலமானவர்களிடம் அளந்து கண்டது. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் லித்தியத்தின் பயனுள்ள அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை, நச்சு அறிகுறிகள் 1.5ஐத் தாண்டும்போது வெளிப்படத் தொடங்கும். இவ்வளவு குறுகிய வரப்பில் நடப்பவரைத் தள்ளிவிடப் பெரிய கை தேவையில்லை.

என் தம்பிக்கு முழங்கால் பிசகியபோது, அவன் வேறென்ன மருந்து எடுக்கிறான் என்று கேட்காமலே வலிமாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டது. அவனும் சொல்லவில்லை, மனநல மருந்து என்று வாய்விட்டுச் சொல்வதில் அவனுக்கு இருந்த கூச்சம் எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் மாலை தண்ணீர்க் குவளையை எடுத்தான். விளிம்பு பல்லில் பட்டுக் கடகடவென்று தட்டியது. லித்தியம் எடுப்பவர்களின் விரல்களில் எப்போதும் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும், அதற்கு நாங்கள் பழகியிருந்தோம். இது அதுவல்ல. கை முழுவதும் ஆடியது, நாக்கு குழறியது, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு இருந்ததை அப்போதுதான் சொன்னான். அன்றிரவே மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தில் லித்தியம் 1.9. சிறுநீரகம் தப்பித்தது. அழற்சிக்கு ஒரு மாத்திரைதானே, முயன்று பார்ப்போம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தக் குவளையின் ஓசைதான் என் காதில் கேட்கிறது.

வலிக்கு மருந்து தேவைப்படும்போது, லித்தியம் எடுப்பவருக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பான தேர்வு. குறைந்த அளவு ஆஸ்பிரின் லித்தியத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் வயிற்றில் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு, செரோடோனின் வகைச் சோர்வு மருந்தோடு சேர்ந்தால் அது கூடும். மினோசைக்ளின் தோல் நிறமாற்றத்தையும், அரிதாக மண்டைக்குள் அழுத்தம் கூடிக் கடும் தலைவலியையும் பார்வை மங்கலையும் தரலாம்.

## மூன்றாம் வழி: ஒமேகா-3, என்-அசிட்டைல் சிஸ்டைன்

ஒமேகா-3 பற்றிய ஆதாரம் கலவையானது, ஆனாலும் வெறுமையானதல்ல. லண்டனில் 75 பேரிடம் பன்னிரண்டு வாரங்கள் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஈ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தை நாளுக்கு 1 கிராம் எடுத்தவர்களும் 2 கிராம் எடுத்தவர்களும் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடச் சோர்வில் தேறினார்கள். அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில் நாளுக்கு 6 கிராம் கொடுத்தும் பலன் இல்லை. 2012இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, சோர்வு அறிகுறிகளில் ஓரளவு பலன் உண்டு, மேனியாவில் இல்லை என்று முடித்தது. மேனியாவைத் தூண்டும் ஆபத்து மிகக் குறைவு. லித்தியத்தோடு குறிப்பிடத்தக்க மோதல் இல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது குப்பியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்ற எண்ணை அல்ல, பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் ஈ.பி.ஏ. அளவை; ஆயிரம் மில்லிகிராம் எண்ணெயில் 180 மில்லிகிராம் ஈ.பி.ஏ. மட்டுமே கொண்ட குப்பிகள் சாதாரணம். அந்தக் கணக்கில் 1 கிராம் ஈ.பி.ஏ.வுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு உருண்டைகள் வேண்டும், பணமும் அதற்கேற்ப. அளவை மிகக் கூட்டுவதும் நல்லதல்ல: நாளுக்கு 4 கிராம் கொடுத்த பெரிய இதய ஆய்வுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் குலைவு கூடியது.

என்-அசிட்டைல் சிஸ்டைன், உடலே செய்துகொள்ளும் காப்புப் பொருளான குளூட்டதயோனைப் பெருக்கி செல்களின் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைப்பது. பாராசிட்டமால் நச்சுக்கு மாற்று மருந்தாக மருத்துவமனைகள் நெடுங்காலமாக அறிந்தது. ஆஸ்திரேலியாவில் 75 பேரிடம் 24 வாரங்கள் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஒரு கிராம் வீதம் நாளுக்கு இருமுறை எடுத்தவர்களின் சோர்வு கணிசமாகக் குறைந்தது. நம்பிக்கை பெருகியது. பிறகு டென்மார்க்கில் 80 பேரிடம் 3 கிராம் அளவில் 20 வாரங்கள் நடந்த ஆய்வு பலன் காணவில்லை. கந்தக நாற்றமும் குமட்டலும் உண்டு, ஆபத்து குறைவு.

இந்த வழியின் உண்மையான செலவு காலம். என்-அசிட்டைல் சிஸ்டைன் பலித்த ஆய்விலேயே பலன் மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. ஆறு மாதம் என்பது சோர்வில் கிடப்பவருக்கு ஒரு வேலையை இழக்கும் காலம், ஓர் உறவு உடையும் காலம். சாகத் தோன்றுகிறது என்று சொல்பவரிடம் மீன் எண்ணெயை நீட்டிக் காத்திருக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

## நான்காம் வழி: அழற்சியின் ஊற்றைத் தேடுதல்

சி.ஆர்.பி. ஒரு புகை. எங்கே எரிகிறது என்று பார்ப்பதுதான் இந்த வழி. முதலில் எண்ணே மெய்யா என்று உறுதிசெய்ய வேண்டும். உயர் நுண்ணுணர்வுப் பரிசோதனையை இரண்டு வார இடைவெளியில் இருமுறை செய்து சராசரி காண்பது நல்லது. இதய ஆபத்துக் கணக்கில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைவு, 3க்கு மேல் கூடுதல். 10ஐத் தாண்டினால் அண்மையில் வந்த சளி, காய்ச்சல், காயம் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அது ஆறியபின் மறுபடி எடுக்க வேண்டும்.

எண் நிலையாக உயர்ந்தே இருந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: ஈறு நோய், வயிற்றுப் பருமன், புகைபிடித்தல், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மூட்டுவாதம் அல்லது சொரியாசிஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய். தைராய்டையும் இதோடு பார்த்துவிட வேண்டும். லித்தியமே தைராய்டு சுரப்பைக் குறைக்கும், குறைந்த தைராய்டு சோர்வைப்போலவே வேடமிடும். சோர்வில் பல் தேய்ப்பதைக்கூட மாதக்கணக்கில் விட்டவரின் ஈறு வீங்கியிருப்பது வியப்பல்ல. அவரைக் கடிந்துகொள்ளாமல் பல் மருத்துவரிடம் கூட்டிப்போகும் ஒருவர் வீட்டில் இருந்தால் அதுவே பெரிய உதவி.

ஈறைச் சீர்செய்தால் இருமுனைச் சோர்வு நீங்கும் என்று காட்டும் வலுவான ஆய்வு கிடையாது. ஆதாரம் ஓரளவு நெருங்கி வருவது, உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காத இன்சுலின் எதிர்ப்பு நிலையில்: சிகிச்சைக்கு இணங்காத இருமுனை மனச்சோர்வுடன் இன்சுலின் எதிர்ப்பும் கொண்ட 45 பேரிடம் நடந்து 2022இல் வெளியான கனடிய ஆய்வில், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை எடுத்து இன்சுலின் எதிர்ப்பு நீங்கியவர்களின் சோர்வும் குறிப்பிடத்தக்க அளவு தேறியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தேடிப் பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. மேலும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் ஆயுளைக் குறைப்பதில் இதய நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. எனவே மனம் தேறினாலும் தேறாவிட்டாலும் இந்த வழியில் செய்த முயற்சி உடலுக்கு வீணாகாது. மற்ற மூன்று வழிகளுக்கும் இந்தப் பெருமை இல்லை.

மறைசெலவு இங்கும் லித்தியத்தின் பக்கமே. உப்பைத் திடீரென்று குறைத்தாலும், வியர்வை கொட்ட ஓடித் தண்ணீர் குடிக்காவிட்டாலும், நீண்ட நேரம் பட்டினி கிடந்தாலும், மெட்ஃபார்மின் தரும் வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து குறைந்தாலும் லித்தியம் அளவு ஏறும். உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றுவது மருந்தை மாற்றுவது போன்றே அறிவிக்க வேண்டிய செய்தி. விடியற்காலைப் பயிற்சிக்காகத் தூக்கத்தை வெட்டுவதும் கூடாது. தூக்கக் குறைவு மேனியாவுக்கு நன்கறியப்பட்ட தூண்டுகோல்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | அடிப்படைச் சிகிச்சை | அழற்சி எதிர்ப்பு மருந்து | ஒமேகா-3, என்-அசிட்டைல் சிஸ்டைன் | ஊற்றைத் தேடுதல் |
|---|---|---|---|---|
| இருமுனைச் சோர்வில் ஆதாரம் | வலுவானது | பெரிய ஆய்வுகளில் பலன் இல்லை | கலவையானது | மறைமுகம், சிறிது நேரடி |
| மேனியா ஆபத்து | குறைவு | ஸ்டீராய்டில் அதிகம், மற்றவற்றில் குறைவு | மிகக் குறைவு | தூக்கம் குறையாவிட்டால் இல்லை |
| லித்தியத்தோடு மோதல் | மருந்தைப் பொறுத்தது | வலிமாத்திரைகளில் கடுமை | குறிப்பிடத்தக்கதாக இல்லை | உப்பு, நீர்ச்சத்து மாறினால் உண்டு |
| மறைசெலவு | எடை, மந்தம் | சிறுநீரகம், வயிறு, தொற்று | காலம், பணம் | உழைப்பு, உடனிருப்பவரின் நேரம் |
| விடை தெரிய | 6 முதல் 8 வாரம் | 6 முதல் 12 வாரம் | 12 முதல் 24 வாரம் | சில மாதங்கள் |

## யாருக்கு எது?

சோர்வு கடுமையாக இருந்தாலும், உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினாலும், ஒப்புதல் பெற்ற மருந்துகளில் இரண்டையாவது முழு அளவில் முழுக் காலம் முயன்று பார்க்காமல் இருந்தாலும், முதல் வழி மட்டுமே. அந்த எண்ணம் இருப்பவர் ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது; இன்றே மருத்துவரிடம் போக வேண்டும். லாமோட்ரிஜினோ லித்தியமோ எடுத்து ஓரளவு தேறி, இன்னும் ஒரு கனம் மிச்சமிருப்பவருக்கு, சி.ஆர்.பி. இருமுறையும் 3க்கு மேல் வந்தால், நான்காம் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. அதைச் செய்துகொண்டே 1 முதல் 2 கிராம் ஈ.பி.ஏ. சேர்த்துக்கொள்வதில் தவறில்லை, இதயத் துடிப்புக் கோளாறோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்க வேண்டும். சி.ஆர்.பி. இயல்பாக இருப்பவர் அழற்சியின் பின்னால் ஓட வேண்டியதில்லை; அவருடைய சோர்வின் வேர் வேறெங்கோ இருக்கிறது.

செலிகாக்சிப் யாருக்குத் தகும் என்று கேட்டால், மூட்டுவலி போன்ற வேறு காரணத்துக்காக அது எப்படியும் தேவைப்படுபவருக்கு; லித்தியம் எடுக்காதவராகவோ, எடுத்தால் தொடங்கிய ஐந்தாறு நாளில் லித்தியம் அளவைப் பார்த்து அதன் அளவைச் சரிசெய்ய மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றிருப்பவராகவோ இருந்தால். சோர்வு விலகும் என்ற எதிர்பார்ப்பில் தானாக வாங்கிச் சாப்பிடுவதற்கு அதில் இடமே இல்லை.

எதைச் சேர்த்தாலும் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும், அதற்கு முடிவுத் தேதியும் குறிக்க வேண்டும். தம்பியின் அறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ஒவ்வோர் இரவும் தூங்கிய மணி, மனநிலைக்குப் பத்தில் ஒரு மதிப்பெண், புதிதாக எடுத்த மாத்திரை எதுவானாலும் அதன் பெயர் என்று மூன்றே குறிப்புகள். லித்தியம் பரிசோதனை நாட்களில் கடைசி மாத்திரைக்குப் பின் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்ததா என்பதும் அதில் இருக்கும், ஏனெனில் முன்னதாக எடுத்தால் எண் பொய் சொல்லும். போன ஆண்டு ஒமேகா-3 தொடங்கியபோது பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு வட்டம் போட்டோம். அந்த நாள் வந்தபோது மதிப்பெண்கள் மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலேயே நின்றிருந்தன. குப்பியில் பாதி மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் ஈறுக்கும் தைராய்டுக்கும் நேரம் வாங்கினோம்.